ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாதா பெட்ரோலா, பிரீமியமா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகையினர் பட்டறைக்கு வருகிறார்கள். வண்டி கேட்கிற பெட்ரோலைக் கொடுக்காமல் சாதாவையே ஊற்றி ஓட்டிவிட்டு, "முன்ன மாதிரி இழுக்கல" என்று வந்து நிற்பவர்கள் ஒரு வகை. எந்தக் கோளாறு வந்தாலும் பிரீமியத்தை டானிக் மாதிரி ஊற்றிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் பணம் வீண். இரண்டாமவருக்கு அதற்கு மேலும் ஒரு நஷ்டம்: உண்மையான கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆக்டேன் எண் சொல்வது ஒரே ஒரு விஷயம். அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது அது. அதிக ஆக்டேன் என்றால் அதிக சக்தி இல்லை. மெதுவாக எரியும் என்பதும் தவறு. கண்ட நேரத்தில் தானாக வெடிக்காது, அவ்வளவுதான். அந்த ஒரு கோளாறுக்கு மட்டுமே பிரீமியம் மருந்து. கீழே அறிகுறிகளை ஓட்டுபவர் சொல்லும் வார்த்தையிலேயே வைத்து, எது பெட்ரோலால் வருகிறது, எதற்குப் பெட்ரோல் மீது சும்மா பழி விழுகிறது என்று பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் டேங்க் கதவைத் திறந்து பாருங்கள்

பெட்ரோல் மூடியை மறைத்திருக்கும் சின்னக் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு எண்ணும், பக்கத்தில் பொடி எழுத்தில் அது எந்த அளவுகோல் என்ற குறிப்பும் இருக்கும். எண்ணைப் படிக்கிற பலர் குறிப்பைப் படிப்பதில்லை.

அளவுகோல் இரண்டு. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பம்ப்பில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதியிருப்பது ஏ.கே.ஐ.; அதாவது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தது. ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். இரண்டையும் ஒரே மாதிரியான ஒற்றை சிலிண்டர் சோதனை இஞ்சினில்தான் அளக்கிறார்கள். ஆர்.ஓ.என். சோதனையில் இஞ்சின் 600 ஆர்.பி.எம்.-இல் (நிமிடத்துக்கு 600 சுற்றில்) நிதானமாக ஓடும். எம்.ஓ.என். சோதனையில் 900 ஆர்.பி.எம்.; உள்ளே போகும் கலவையை 149 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அனுப்புவார்கள். சோதனை கடினம் என்பதால் அதே பெட்ரோலுக்கு எம்.ஓ.என். எண் எட்டு, பத்து குறைவாக வரும். ஆகவே 91 ஆர்.ஓ.என். ஏறக்குறைய 87 ஏ.கே.ஐ.; 95 ஆர்.ஓ.என். என்றால் 90, 91. 98 என்றால் 93 பக்கம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வண்டி. வேறு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இரண்டு சீட் டர்போ கார் (டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி). ஸ்டிக்கரில் 91 என்று பெரிதாக இருந்தது. உரிமையாளர் மிகவும் கவனமானவர். ஒரு முறைகூடத் தவறாமல் 91 ஆர்.ஓ.என். பெட்ரோலையே போட்டிருந்தார். வேகமெடுக்கவில்லை, சூடான நாளில் இன்னும் மோசம் என்று சொல்லி டர்போவைக் கழற்றிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஸ்டிக்கரை ஈரத் துணியால் துடைத்தபோது எண்ணுக்குக் கீழே "(ஆர்+எம்)/2" என்று தெரிந்தது. அந்த 91 அமெரிக்க அளவில் எழுதிய 91. ஆர்.ஓ.என். கணக்கில் 95, 96 வேண்டும். இத்தனை நாளும் வண்டி கேட்டதைவிட நான்கைந்து எண் குறைவான பெட்ரோலில் ஓடியிருக்கிறது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் வார்த்தையைப் பாருங்கள். "பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் குறைந்த ஆக்டேனிலும் இஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். முழு சக்தி மட்டும் கிடைக்காது. "குறைந்தபட்சம்" என்றோ "கட்டாயம்" என்றோ இருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது. பல கார்களில் இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள், ஒன்று சிறந்தது, ஒன்று கடைசி எல்லை. இதில் பேரம் பேச இடமில்லை.

பம்ப்பில் "பிரீமியம்" என்ற பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். சில இடங்களில் பிரீமியம் என்று விற்பது அதே ஆக்டேனில் கூடுதல் சுத்திகரிப்புச் சேர்மானம் போட்டதாக இருக்கும். அது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும்; நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கண்ட நேரத்தில் தானாக வெடிப்பதை, தடுக்காது.

"ஏத்தத்துல மிதிச்சா கடகடன்னு சத்தம்"

பெட்ரோலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அறிகுறி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவ ஆரம்பிக்கிறது. அது மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள், அங்கே நசுங்கிச் சூடேறிக் கிடக்கும் மிச்சக் கலவை பொறுக்க முடியாமல் ஒரேயடியாக வெடித்துவிட்டால், அதுதான் நாக்கிங். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி எதிரொலிக்கிறது. வழக்கமான அளவுள்ள சிலிண்டரில் சுமார் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் ஓசை. காதுக்கு அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். இந்த அலை, பிஸ்டன் மேல் படிந்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் கலைத்துவிடும். தீயின் சூட்டிலிருந்து அலுமினியத்தைக் காப்பது அந்தப் படலம்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் விளிம்பு அரிக்கப்படும், ரிங் இருக்கும் மடிப்பு உடையும்.

முதலில் சத்தம் நாக்கிங்தானா என்று உறுதி செய்யுங்கள். ஐடிலில் நிற்கும்போது கேட்கும் டிக்டிக் சத்தம் நாக்கிங் இல்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் இஞ்சினில் இன்ஜெக்டர் அப்படித்தான் சத்தம் போடும். குளிர்ந்த இஞ்சினில் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் லீக்காக இருக்கலாம். குறிப்பிட்ட ஆர்.பி.எம்.-இல் மட்டும் சலசலத்தால் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தகடு லூசாக இருக்கும். கனமான, ஆழமான 'தட் தட்' என்றால் கனெக்டிங் ராடு பேரிங். வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டும்.

நாக்கிங் எப்போதும் பாரத்தோடு வரும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத மேட்டில், உயர்ந்த கியரில் 2000 முதல் 3000 ஆர்.பி.எம்.-க்குள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதியுங்கள். சத்தம் வந்தவுடன் காலை எடுங்கள். சத்தம் உடனே நிற்கிறதா? ஒரு கியர் குறைத்து அதே வேகத்தில் ஏறினால் குறைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நாக்கிங்தான்.

இப்போது டேங்க்கில் இருப்பதைக் கிட்டத்தட்டக் காலியாகும் வரை மென்மையாக ஓட்டிவிட்டு, ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குச் சரியான பெட்ரோலை நிரப்புங்கள். சத்தம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. அந்தப் பெட்ரோலையே தொடருங்கள்.

போகவில்லை என்றால்தான் பட்டறைக்காரரின் வேலை ஆரம்பம். சரியான பெட்ரோலிலும் நாக்கிங் வருகிறதென்றால் இஞ்சினே தன் தேவையை உயர்த்திக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பிஸ்டன் தலையில் கரி படிந்தால் பெட்ரோல் எரியும் அறை சுருங்கி அழுத்தம் கூடும். கரி சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கூலன்ட் குறைவாக இருந்தாலோ, தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காவிட்டாலோ சிலிண்டர் தலை சூடாகும். இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் குறைந்து சூடு கூடும். இவை எதையும் சரிசெய்யாமல் 95-க்குப் பதில் 98 போட்டால் சத்தம் மறையலாம். அது வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு எலும்பு முறிவோடு நடப்பது போன்றது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானைப் பார்க்க வேண்டும். நல்ல பிளக்கில் அது இளம்பழுப்பாக, சீராக இருக்கும். நாக்கிங் அடித்த இஞ்சினில் அந்த வெள்ளையில் மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே ஊசி முனையளவு வெள்ளி உருண்டைகள் மின்னினால், அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அந்த உருண்டையைப் பார்த்த பிறகு பெட்ரோலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். எல்லா பிளக்கையும் வரிசையாக, சிலிண்டர் எண் குறித்து வையுங்கள். ஒன்றில் மட்டும் புள்ளி இருந்தால் அந்தச் சிலிண்டரின் கோளாறு. எல்லாவற்றிலும் இருந்தால் பெட்ரோல், சூடு, டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) இந்த மூன்றில் ஒன்று.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. இஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் இறுக்கியிருக்கும் நாக் சென்சார் அதிர்வைக் காதுபோலக் கேட்கிற கருவி. அந்த போல்ட்டைக் கைபோன போக்கில் இறுக்கக் கூடாது. பல கார்களில் அளவு சுமார் 20 நியூட்டன் மீட்டர்தான். லூசாக இருந்தாலும், அளவுக்கு மீறி முறுக்கினாலும், அடியில் துரு இருந்தாலும் அதன் காது மந்தமாகிவிடும். சமீபத்தில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டிய வண்டியில் நாக்கிங் புதிதாக வந்தால் முதலில் அந்த போல்ட்டைத்தான் பாருங்கள்.

"சத்தமெல்லாம் இல்ல, ஆனா பிக்அப் செத்துப்போச்சு"

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மேலே சொன்ன சத்தம் பெரும்பாலும் காதுக்கே வராது. நாக் சென்சார் முதல் அதிர்வைக் கேட்டவுடன், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. பிளக் பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப் போடும். டர்போ இருந்தால் அது காற்றைத் தள்ளும் அழுத்தத்தையும் (பூஸ்ட்) குறைக்கும். சத்தம் நின்றுவிடும், கூடவே இழுவையும் போய்விடும். பொறி தாமதமானால் எரிதல் முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுவதால் புகைக்குழாய்ச் சூடு ஏறும். டர்போவையும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காக்க இ.சி.யு. கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். ஆகக் குறைந்த ஆக்டேனில் விரட்டி ஓட்டினால் இழுவையும் போகும், மைலேஜும் போகும்.

இதை உறுதி செய்ய இ.சி.யு.வின் தகவலைப் படிக்க வண்டியில் இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சாதாரண ஸ்கேனர் போதும், ஆனால் அது லைவ் டேட்டா காட்ட வேண்டும். இக்னிஷன் டைமிங், சிலிண்டர்வாரியாக நாக் ரிட்டார்ட் (நாக்கிங்குக்காகப் பொறியைத் தள்ளிப் போட்ட டிகிரி), உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, பூஸ்ட், ஃபியூவல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் இ.சி.யு. செய்யும் திருத்தம்), இந்த ஐந்தையும் ஒரே திரையில் வைத்து, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது கியரில் குறைந்த ஆர்.பி.எம்.-இலிருந்து ஒரே முழு மிதி போதும்.

எப்போதாவது ஒரு சிலிண்டரில் ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்குவது இயல்பு. எல்லா சிலிண்டரும் சேர்ந்தாற்போல நான்கைந்து டிகிரிக்கு மேல் பின்வாங்கி, மிதித்திருக்கும் வரை திரும்பவே இல்லை என்றால் பெட்ரோலோ சூடோ காரணம். காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். நெரிசலில் நின்றுவிட்டுப் புறப்பட்டதும் அது எகிறியிருந்து, காற்றோட்டமாக ஓட்டியதும் இறங்கி இழுவையும் திரும்பினால் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடு பிடித்திருக்கிறது. அதன் முன்னால் அடைந்திருக்கும் பூச்சியையும் தூசியையும் சுத்தம் செய்தாலே பாதி குணமாகும். காற்று குளிர்ச்சியாக இருந்தும் பின்வாங்கினால் ஆக்டேன் போதவில்லை.

ரிட்டார்ட் பூஜ்யமாக இருந்தும் இழுவை இல்லையென்றால் பெட்ரோலைக் குற்றம் சொல்லாதீர்கள். பூஸ்ட் குழாயில் கசிவு, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், அடைத்த ஏர் ஃபில்டர், அடைத்த கன்வெர்ட்டர் என்று போங்கள்.

தயாரிப்பாளர்களே இதை எவ்வளவு கணக்கில் எடுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம். 2.3 லிட்டர் டர்போ மஸ்டாங்குக்கு அறிவித்த குதிரைத்திறன் 93 ஏ.கே.ஐ. பெட்ரோலில் எடுத்தது என்று ஃபோர்டு வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தது. மாஸ்டா தன் ஸ்கைஆக்டிவ்-ஜி இஞ்சினை 95 ஆர்.ஓ.என். கிடைக்கும் ஐரோப்பாவில் 14:1 கம்ப்ரஷன் விகிதத்தில் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற அளவு) விற்றது. 87 ஏ.கே.ஐ. சாதா பெட்ரோலே வழக்கமான அமெரிக்காவுக்கு அதை 13:1 ஆகக் குறைத்தது. வண்டி எந்தப் பெட்ரோலைக் குடிக்கப்போகிறது என்று பார்த்துத்தான் இஞ்சினையே செய்கிறார்கள்.

"பிரீமியம் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியல"

இதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, உங்கள் இஞ்சின் சாதாவுக்கே வடிவமைத்தது. பிரீமியத்தில் லிட்டருக்கு அதிக சக்தி எதுவும் அடைத்து வைக்கவில்லை. இஞ்சின் ஏற்கனவே முழு டைமிங்கில் ஓடினால், கூடுதல் ஆக்டேனை அது பயன்படுத்த வழியே இல்லை. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும் எல்லா வண்டிக்கும் உள்ளே இருப்பது ஸ்போர்ட்ஸ் இஞ்சின் இல்லை. இந்தக் காரணம் என்றால் மனசாட்சியோடு சாதாவுக்குத் திரும்புங்கள், அந்தப் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள்.

இரண்டு, அவசரம். பல கார்களில் இ.சி.யு. கற்றுக்கொண்ட டைமிங் திருத்தத்தை உடனே விடாது. டேங்க்கின் அடியில் பழைய பெட்ரோலும் கலந்திருக்கும். ஒன்றிரண்டு முழு டேங்க் ஓடிய பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மூன்று, வித்தியாசம் இருக்கிறது, ஆனால் உங்கள் கால் உணரும் அளவுக்கு இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-இல் பிரீமியம் "பரிந்துரைக்கப்பட்ட" வண்டிகளை எடுத்துச் சோதித்தபோது, சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும்தான் கூடியது. அன்றாட ஓட்டத்தில் இதை உடம்பு உணராது. பாரம் கூடக் கூட, சூடு கூடக் கூட இந்த இடைவெளி விரியும். ஆகவே பரிந்துரை மட்டுமே உள்ள காரில் வேலைக்குப் போய்வரச் சாதா, மலை ஏறவோ பந்தயத் தடத்தில் ஓட்டவோ போகிற வாரம் பிரீமியம் என்று வைத்துக்கொள்பவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன். "கட்டாயம்" என்று எழுதிய காருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஆக்டேன் தேவை இறங்கும், காற்றே மெலிந்துவிடுவதால். டர்போ அந்த இழப்பை ஈடுகட்டி அழுத்திவிடுவதால் டர்போ காருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

"பெட்ரோல் குடிக்குது"

மைலேஜை டேஷ்போர்டு எண்ணை வைத்துப் பேசாதீர்கள். ஒரே பம்ப்பில், முதல் கட்டாஃப் வரை ஃபுல் டேங்க், ஓடிய கிலோமீட்டர், மறுபடி அதே கட்டாஃப் வரை ஃபுல் டேங்க், ஊற்றிய லிட்டரால் வகுங்கள். குறைந்தது மூன்று டேங்க்காவது இப்படி எடுத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

இங்கே ஆக்டேனைவிடப் பெரிய ஆள் எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் மிக உயர்வு, ஆனால் லிட்டருக்குள் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்தால் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதமும் சக்தி குறையும். ஆக்டேன் எண் உயர்ந்தும் மைலேஜ் இறங்கியிருந்தால் பம்ப்பில் எத்தனால் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார் என்றால் ரப்பர் குழாய்களும் சீல்களும் அந்த அளவு எத்தனாலைத் தாங்குமா என்று புத்தகத்தில் பார்ப்பது மைலேஜைவிட முக்கியம்.

புகைக்குழாய் நுனி கறுத்து மசியாக இருந்து, அழுகிய முட்டை நாற்றமும் வந்தால், இஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆக்சிஜன் சென்சாரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

"மெதுவா போய்ட்டிருந்தப்ப திடீர்னு ஒரே ஒரு இடி"

டர்போவோடு நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள இஞ்சினில், 2000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே உயர்ந்த கியரில் வைத்துக்கொண்டு முழுதாக மிதித்தால் சுத்தியலால் அடித்தது போல ஒரே ஒரு அடி கேட்கலாம். மேலே சொன்ன கடகடப்பு வேறு, இது வேறு. பிளக் பொறி விடுவதற்கு முன்பே, பெரும்பாலும் ஒரு துளி ஆயிலோ கரித்துகளோ தீயைத் தொடங்கிவிடுகிறது. ஒரே அடியில் பிஸ்டன் உடைந்த வண்டிகள் உண்டு. பொறியே விடாத தீக்கு டைமிங்கைத் தள்ளிப் போட்டு என்ன பயன்? இ.சி.யு.வால் இதைத் தடுக்க முடியாது. பிரீமியம் பெட்ரோலை மட்டும் நம்பியும் பயனில்லை.

ஆயிலைப் பாருங்கள். கால்சியம் அடிப்படையிலான சுத்திகரிப்புச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகு, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) ஆயில் தரங்களில் 2018-இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020-இல் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்திய தரமும், உங்கள் தயாரிப்பாளர் கேட்கும் எண்ணும் இருக்க வேண்டும். கூடவே ஓட்டும் பழக்கம்: மிதிக்கும் முன் கியரைக் குறையுங்கள். உயர்ந்த கியரில் இஞ்சினை முனக விடுவது இந்த வகை இஞ்சினுக்குப் பெரிய கொடுமை.

"செக் இஞ்சின் லைட் எரியுது"

லைட் விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை எரியாமல் தவறுவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். காலைத் தளர்த்தி, ஓரங்கட்டி நிறுத்துங்கள். நிலையாக எரிந்தால் ஸ்கேனரில் கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) எடுத்துவிட்டு யோசிக்கலாம்.

பி0325, பி0327, பி0328 மூன்றும் நாக் சென்சார் சுற்று. அந்தக் கோடு இருக்கும்போது இ.சி.யு.வுக்குக் காது கேட்காது. பாதுகாப்புக்காக டைமிங்கை நிரந்தரமாகத் தள்ளி வைத்துவிடும். பிரீமியம் போட்டாலும் இழுவை திரும்பாது. வயரும் சென்சாரும் சரியாகட்டும். பி0300 மிஸ்ஃபயர்; பிளக், காயில் என்று பாருங்கள். பி0171 கலவை மெலிந்திருப்பது, அதாவது எங்கோ காற்று புகுகிறது அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைகிறது. மெலிந்த கலவை நாக்கிங்கையும் கூட்டும் என்பதால் இந்தக் கோடும் கடகடப்பும் சேர்ந்து வந்தால் இதை முதலில் சரிசெய்யுங்கள். பி0299 பூஸ்ட் போதவில்லை.

மிஸ்ஃபயர் வண்டியில் பிளக்கைக் கழற்றும்போது பீங்கான் செங்கல் நிறத்தில், சிவப்புப் பொடி பூசியது மாதிரி இருந்தால் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலைப் பற்றி உரிமையாளரிடம் கேளுங்கள். மாங்கனீசோ இரும்போ கலந்த பூஸ்டர்கள் விட்டுப்போகும் படிவு அது. சூட்டில் அது மின்சாரத்தைக் கடத்தி, பொறியைத் திருடிக்கொள்ளும். பாட்டிலில் "பத்துப் புள்ளி உயரும்" என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் ஒன்றுதான். பத்துப் புள்ளி சேர்ந்தால் ஒரு எண். பம்ப்பில் 98 கிடைக்கும்போது பாட்டிலை வாங்க எந்த அவசியமும் இல்லை.

"ரொம்ப நாள் கழிச்சு எடுத்தேன், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது"

ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்பவை என்பதால் இது அடிக்கடி வரும். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவுவது, முதலில் பறந்துபோவதும் அதுதான். சில மாதங்களில் மீதமுள்ளது பிசினாகத் தொடங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி, ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்தால் மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். 98 போட்டு நிறுத்திய வண்டி 98-ஆகவே எழுந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பழசு கொஞ்சமாக இருந்தால் புதிதை நிரப்பி மென்மையாக ஓட்டித் தீர்த்துவிடுங்கள். நாற்றம் வார்னிஷ் போல மாறியிருந்தால் டேங்க்கைக் காலி செய்வதே நல்லது. அடுத்த முறை நிறுத்தும்போது டேங்க்கை முழுதாக நிரப்பி, ஃபியூவல் ஸ்டெபிலைசர் கலந்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

"சாவிய எடுத்த பிறகும் இஞ்சின் உருமிக்கிட்டே இருக்கு"

கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் உரிய அறிகுறி. சூடான கரித்துகள் பிளக்கின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாக் சென்சார் இல்லாத இந்த வண்டிகளில் ஆக்டேனைக் குறைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். ஐடில் வேகம், டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டை வெளியேற்றும் திறன்) மூன்றையும் சரிபார்த்து, உயர்ந்த ஆக்டேனிலேயே வையுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இஞ்சின் என்றால் வால்வு சீட் தேய்வது தனிப் பிரச்சினை. அதை எந்த பிரீமியமும் தீர்க்காது. கடினமான சீட் போட வேண்டும்.

"செகண்ட்ஹேண்ட்ல வாங்கினேன், புத்தகத்துல சொன்ன பெட்ரோல்தான், ஆனாலும் நாக்"

முந்தைய உரிமையாளர் இ.சி.யு.வை ரீமேப் செய்திருக்கலாம், அதாவது டைமிங், பூஸ்ட் கணக்கான 'மேப்'பை மாற்றி எழுதியிருக்கலாம். 98-க்கு எழுதிய மேப்பில் 95 போட்டால் கதவிலுள்ள ஸ்டிக்கரும் புத்தகமும் செல்லாது. பூஸ்ட் ஒரிஜினலைவிட உயர்ந்து நிற்பதே பெரிய துப்பு. இ.சி.யு. மென்பொருளின் அடையாள எண்ணைப் படித்து ஒரிஜினலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதியது என்று எழுத்தில் கிடைக்காவிட்டால் ஒரிஜினலுக்கே திரும்பிவிடுங்கள்.

"98 போடணும், தெரியாம சாதா போட்டுட்டேன்"

பதறாதீர்கள், டேங்க்கை இறக்க வேண்டியதில்லை. கலந்த பெட்ரோலின் ஆக்டேன் ஏறத்தாழச் சராசரிக் கணக்கில்தான் வரும். 60 லிட்டர் டேங்க்கில் 20 லிட்டர் 91 விழுந்துவிட்டதென்றால், மீதி 40 லிட்டரையும் 98 போட்டு நிரப்புங்கள், கிடைப்பது 95.7 பக்கம். புத்தகத்தில் கடைசி எல்லை 95 என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். டேங்க் முழுவதும் 91 என்றால் கால்வாசி குறைந்ததும் 98-ஐ நிரப்புங்கள், மறுபடி கால்வாசி குறைந்ததும் நிரப்புங்கள். அதுவரை ஆக்சிலேட்டரில் பாதிக்கு மேல் மிதி வேண்டாம், ஸ்போர்ட் மோடு வேண்டாம், ஏற்றத்தில் கியரைக் குறைத்தே ஏறுங்கள், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய உதவும் லாஞ்ச் கன்ட்ரோலைத் தொடவே கூடாது. கடகடப்பு கேட்டாலோ லைட் எரிந்தாலோ மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, டேங்க்கைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள்.